சிறு விமானத்தில் மூக்கும் ட்ரிம்மும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஓட்டக் கற்பவர்களும், சில நூறு மணி நேரம் பறந்த பிறகும் கை வலிக்க யோக்கைப் (விமானியின் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப்) பிடித்துக்கொண்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எண் தேவைப்பட்ட இடங்களில் செஸ்னா 172எஸ் ரகத்தின் எண்களைக் கொடுத்திருக்கிறோம். உங்கள் விமானத்தின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

ட்ரிம் எதைப் பிடித்து வைக்கிறது? உயரத்தையா, மூக்கின் நிலையையா?

ட்ரிம் என்பது யோக்கில் கை தாங்க வேண்டிய பாரத்தை நீக்கும் அமைப்பு, விமானி ஒரு சக்கரத்தால் அதைத் திருகுகிறார். அது பிடித்து வைப்பது இரண்டும் இல்லை. வேகத்தை. இன்னும் சரியாகச் சொன்னால், இறக்கை காற்றைச் சந்திக்கும் தாக்குகோணத்தை. ட்ரிம் பற்றிய குழப்பங்களில் பாதி இந்த ஒன்று புரியாததால் வருபவை.

பாதுகாப்பான உயரத்தில் சோதித்துப் பாருங்கள். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் மட்டமாகப் பறக்கும்படி ட்ரிம் செய்து கையை எடுங்கள். யோக்கைத் தொடாமல், எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை 200 ஆர்பிஎம் மட்டும் குறையுங்கள். மூக்கு தானே தாழும், விமானம் இறங்கத் தொடங்கும், சில ஊசலாட்டங்களுக்குப் பிறகு வேகம் மறுபடி 90-ஐ ஒட்டி வந்து நிற்கும். த்ராட்டிலைக் கூட்டினால் ஏறக்குறைய அதே 90-இல் ஏறும். உயரம் போனதே என்று சக்கரத்தைத் திருகுகிறவர் உண்மையில் வேகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அவருக்கு எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

இடையில் வரும் அந்த நிதானமான ஊசலாட்டத்துக்குப் பெயர் ஃபியூகாய்டு. 1908-இல் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வைத்த பெயர். ஓர் ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் நேரம் வேகத்தைப் பொறுத்தது. அவருடைய எளிய சூத்திரப்படி 100 நாட்டில் சுமார் 23 நொடி. தானாகவே அடங்கிவிடும். அதைத் துரத்திப் பிடிக்கப் பார்த்தால்தான் நீளும்.

சக்கரத்தைச் சுழற்றினால் வாலில் என்ன நடக்கிறது?

செஸ்னா 172-இல் சக்கரத்திலிருந்து சங்கிலி, சங்கிலியிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து வாலுக்குள் ஒரு திருகு ஜாக், அதிலிருந்து ஒரு தண்டு, தண்டின் முனையில் வலது எலிவேட்டரின் (வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பரப்பின்) பின்விளிம்பில் தொங்கும் சிறு தகடு. சக்கரத்தில் உங்கள் பக்கம் தெரியும் விளிம்பைக் கீழ்நோக்கி உருட்டினால் தகடு கீழே இறங்கும். காற்று தகட்டை மேலே தள்ளும், தகடு எலிவேட்டரை மேலே இழுத்துச் செல்லும், வால் தாழும், மூக்கு உயரும். தகடு கீழ், மூக்கு மேல். இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், பின்னால் எலிவேட்டர் சிக்கிக்கொள்ளும் கேள்வியில் தேவைப்படும்.

எல்லா விமானமும் இப்படி இல்லை. பைப்பர் செரோக்கி வகையில் வால் முழுவதும் அசையும் ஸ்டேபிலேட்டர். அதன் பின்தகடு ஸ்டேபிலேட்டர் போகும் திசையிலேயே இன்னும் கூடுதலாகப் போய் கைக்குப் பாரம் சேர்க்கும். ட்ரிம் திருகு அந்தத் தகட்டின் நடுநிலையை நகர்த்துகிறது. பழைய செரோக்கிகளில் கூரையில் ஒரு கைப்பிடி இருக்கும், பிந்தியவற்றில் இருக்கைகளுக்கு நடுவே சக்கரம். மூனி விமானத்தில் வால் தொகுதி முழுவதும் சாய்கிறது. பைப்பர் ஜே-3 கப்பில் ஸ்டெபிலைசரின் (வாலின் கிடைமட்டப் பரப்பின்) முன்விளிம்பை ஒரு திருகு ஏற்றி இறக்குகிறது. புது ரக விமானத்தில் ஏறினால் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

சரியான ட்ரிம் செய்யும் வரிசை என்ன?

மூக்கின் நிலையை யோக்கால் வையுங்கள். பவரை வையுங்கள். வேகம் நிலைக்கும் வரை கையால் பிடித்திருங்கள். அதற்குப் பிறகுதான் சக்கரம். கையில் இருக்கும் பாரம் கரையும் வரை சுழற்ற வேண்டும். அந்த நேரத்தில் மூக்கு அசையவே கூடாது. அசைந்தால் கை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

ஏறி முடித்து மட்டமாகும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நிமிடத்துக்கு 500 அடி ஏறுகிறீர்கள் என்றால் பத்தில் ஒரு பங்காக 50 அடிக்கு முன்பே மூக்கைத் தாழ்த்தத் தொடங்குங்கள். பவரைக் குறைக்காமல் வேகம் கூட விடுங்கள். வேகம் கூடக் கூட மூக்கு மேலே போகப் பார்க்கும், தள்ளிப் பிடியுங்கள். தள்ளும் பாரம் அதிகமானதும் மூக்கு கீழ்ப் பக்கமாக ஒரு முரட்டு ட்ரிம். பயண வேகம் வந்து பவரையும் குறைத்த பிறகு இரண்டாவது ட்ரிம். ஒரு நிமிடம் கழித்து விரல் அகல அளவில் மூன்றாவது. முதல் சுழற்றலிலேயே முடித்துவிடப் பார்ப்பவர் பத்து நிமிடம் சக்கரத்தோடு மல்லாடுவார்.

பிடியைக் கவனியுங்கள். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் போதும். முஷ்டியால் பிடித்திருக்கும் கைக்கு அரைக் கிலோ பாரம் தெரியாது, தெரியாத பாரத்தை ட்ரிம் செய்யவும் முடியாது. மாணவரின் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தால் பயிற்றுநர் சக்கரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையைத் தளர்த்தச் சொல்ல வேண்டும்.

ட்ரிம் சக்கரத்தாலேயே விமானத்தை ஏற்றி இறக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு திருகலும் ஒரு புது ஊசலாட்டத்தைத் தொடங்கிவைக்கும். கேபிள் அறுந்து எலிவேட்டர் போன நிலையில் மட்டும் அது வழி. அதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

ஃபிளாப் போட்டாலும் பவர் மாற்றினாலும் மூக்கு ஏன் அலைகிறது?

உயர் இறக்கை செஸ்னாக்களில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) இறங்கும்போது வாலுக்குப் போகும் காற்றின் கீழ்நோக்கிய சாய்வு கூடுகிறது, வால் தாழ்கிறது, மூக்கு எழுகிறது. ஃபிளாப் நெம்பைத் தொடும்போதே மறுகை லேசாக முன்னே தள்ளத் தயாராக இருக்க வேண்டும். 172எஸ்-இல் 10 பாகை ஃபிளாப்புக்கு 110 நாட், அதற்கு மேல் 85 நாட் வரம்பு. வரம்புக்குக் கொஞ்சம் கீழே போட்டால் துள்ளல் பெரிதாக இருக்கும், நிதானமான வேகத்தில் போட்டால் சிறிதாக இருக்கும்.

பவர் விஷயத்தில் ப்ரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்று வாலின் மேல் அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. சாதாரண வாலில் அடிக்கும். பவர் கூடினால் மூக்கு எழும், குறைந்தால் தாழும். பைப்பர் டோமஹாக், ஆரோ IV போன்ற டி-வால் விமானங்களில் வால் அந்தக் காற்றுக்கு மேலே நிற்கிறது. பவர் மாற்றத்தால் மூக்கு குறைவாகவே அலையும், ஆனால் ஓடுபாதையில் எலிவேட்டருக்குத் தாமதமாகத்தான் உயிர் வரும். வரும்போது சட்டென்று வரும். அங்கே யோக்கை வயிறு வரை இழுத்து வைத்துக் காத்திருப்பது தவறு.

கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறுவது) செய்யும்போது மூக்கு வானத்தைப் பார்க்கப் பாய்கிறது. என்ன தவறு?

தவறு உங்களுடையது அல்ல, விமானம் தன் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இந்த நேரத்தில் கை தயங்கினால் உயிர் போகும். இறங்கும் வேகமான 65 நாட்டுக்கு, முழு ஃபிளாப்போடு, பவர் குறைவாக இருக்கும்போது ட்ரிம் செய்திருக்கிறீர்கள். அதாவது சக்கரம் மூக்கு மேல் பக்கம் நன்றாக உருண்டிருக்கிறது. இப்போது முழு பவர் தருகிறீர்கள். வாலில் காற்று வீசியடிக்கிறது, மூக்கு எழுகிறது, வேகம் கரைகிறது. இப்படி வரும் ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழப்பதற்கு) எலிவேட்டர் ட்ரிம் ஸ்டால் என்றே பெயர். தரைக்கு 200 அடிக்குள் நிகழ்ந்தால் மீளப் போதுமான உயரம் இருக்காது.

பவர் கொடுக்கும் அதே நொடியில் மற்றொரு கை யோக்கை முன்னே தள்ள வேண்டும். எதிர்பார்ப்பதைவிட வலுவாக. மூக்கு ஏறும் நிலையில் நின்றதும் சக்கரத்தை மூக்கு கீழ்ப் பக்கம் இரண்டு மூன்று நல்ல உருட்டல். பிறகு ஃபிளாப்பை 20 பாகைக்கு எடுங்கள், வேகம் 60-ஐத் தாண்டியதும் மீதியைப் படிப்படியாக. பவர் கொடுத்த கை த்ராட்டிலைவிட்டு நேராகச் சக்கரத்துக்குப் போவது பழக்கமாகிவிட வேண்டும். வலது கால் ரட்டரையும் மறக்காதீர்கள்.

3,000 அடிக்குக் குறையாத உயரத்தில் பயிற்றுநரோடு இதைச் செய்து பாருங்கள். இறங்கும் அமைப்பில் ட்ரிம் செய்து, யோக்கில் கை வைக்காமல் பவரை மட்டும் ஏற்றி, மூக்கு எவ்வளவு வேகமாக எழுகிறது என்று கண்ணால் பாருங்கள். ஒரு முறை பார்த்தவர் பிறகு தயங்கமாட்டார்.

டேக்-ஆஃபுக்கு ட்ரிம் தவறாக இருந்தால்?

முந்தைய தரையிறக்கத்தின் மூக்கு மேல் ட்ரிம் அப்படியே இருந்தால், 55 நாட்டில் நீங்கள் தூக்கும் முன்பே மூக்குச் சக்கரம் தானே எழும். தள்ளிப் பிடித்து, தரைக்கு அருகிலேயே வேகம் சேர்த்து, ட்ரிம்மைச் சரிசெய்யுங்கள். மூக்கு கீழ் ட்ரிம் இருந்தால் யோக் கல்லைப் போல் கனக்கும், விமானம் எழவே மறுப்பது போலத் தோன்றும். ஓடுபாதை போதுமான அளவு மீதமிருந்தால் பவரை மூடி நில்லுங்கள். இல்லையென்றால் இரண்டு கையாலும் இழுங்கள், அது எழும்.

யோக் துளியும் அசையவில்லை என்றால் அது ட்ரிம் சிக்கல் அல்ல. கண்ட்ரோல் லாக் (நிறுத்தியிருக்கும்போது யோக்கைப் பூட்டும் ஊசி) கழற்றப்படவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு யோக்கை நான்கு மூலைக்கும் முழுமையாக அசைத்து, எலிவேட்டரைத் திரும்பிப் பார்ப்பது இதற்காகத்தான். ஓடுபாதையைவிட்டு வெளியே வந்ததும் ஃபிளாப்பை ஏற்றி ட்ரிம்மை டேக்-ஆஃப் குறிக்குக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

எடை வரம்புக்குள்தான் இருக்கிறேன். பிறகு ஏன் விமானம் வால் கனத்துப் பறக்கிறது?

எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எங்கே என்பது இன்னொன்று. கணக்கு எளிது: ஒவ்வொரு எடையையும் ஆதாரக் கோட்டிலிருந்து அதன் தொலைவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம். 172எஸ்-இல் முன் இருக்கை 37 அங்குலம், எரிபொருள் 48, பின் இருக்கை 73, முதல் சாமான் பகுதி 95. அதிகபட்ச எடை 2,550 பவுண்டு. பின்வரம்பு எல்லா எடைக்கும் 47.3 அங்குலம். முன்வரம்பு 1,950 பவுண்டு வரை 35, அங்கிருந்து ஒரே சாய்வாக 2,550-இல் 41.

வெற்று எடை 1,680 பவுண்டு, அதன் தொலைவு 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் விமானத்தின் எடைத்தாளில் இருப்பதைத்தான் போட வேண்டும்). 150 பவுண்டு விமானி தனியாக முன்னே, பின்னே இருவர் சேர்ந்து 360, சாமான் 120, எரிபொருள் 20 காலன், அதாவது 120 பவுண்டு.

1,680 × 40 = 67,200
150 × 37 = 5,550
360 × 73 = 26,280
120 × 95 = 11,400
120 × 48 = 5,760

மொத்த எடை 2,430. கூட்டுத்தொகை 1,16,190. வகுத்தால் 47.8 அங்குலம். எடை வரம்புக்கு 120 பவுண்டு கீழே, ஆனால் மையம் அரை அங்குலம் பின்வரம்பைத் தாண்டிவிட்டது. பின்னே இருக்கும் 180 பவுண்டுக்காரரை முன் இருக்கைக்கு மாற்றினால் 6,480 குறைந்து மையம் 45.1-க்கு வந்துவிடும். ஒரு பவுண்டுகூட இறக்கவில்லை, ஆள் உட்காரும் இடம் மட்டும் மாறியது.

மையம் பின்னே போனால் யோக் வெண்ணெய் போல் இருக்கும், பலருக்கு அது சுகமாகவும் தோன்றும். ஏமாறாதீர்கள். நிலைத்தன்மை குறைந்துவிட்டது, வேகம் மாறினாலும் கையில் பாரமாகத் தெரியாது, சுழற்சியில் விழுந்தால் மீள்வது கடினம். மையம் முன்னே போனால் எதிர்மாறு: வால் கூடுதலாகக் கீழே அழுத்த வேண்டியிருப்பதால் இறக்கை சுமக்கும் பாரம் கூடுகிறது, ஸ்டால் வேகம் சற்று ஏறுகிறது, தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் போதாமல் போகலாம்.

சாமான் நகராமல் வலையால் கட்டுங்கள். ஏறும்போது ஒரு பெட்டி பின்னே உருண்டால் மேலே போட்ட கணக்கு ஓடுபாதையிலேயே செத்துவிடும்.

முன்னே கனத்த இரண்டு பேர், பின்னே காலி. தரையிறங்கும்போது மூக்குச் சக்கரம் முதலில் படுகிறது.

இறங்கும் பாதையில் வேகம் நிலைத்ததும் பாரம் இல்லாத அளவுக்கு ட்ரிம் செய்துவிடுங்கள். ஃபிளேரில் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும் கட்டத்தில்) இழுக்க வேண்டிய பாரம் குறையும். த்ராட்டிலை முழுவதும் மூடாமல் சக்கரங்கள் தரையைத் தொடும் வரை சிறிது பவரை வைத்திருங்கள், வால் மேல் வீசும் காற்று உதவும். சாமான் பகுதி வரம்புக்குள் கொஞ்சம் எடை ஏற்றுவதும் நேர்மையான தீர்வுதான்.

மூக்குச் சக்கரம் முதலில் பட்டுத் துள்ளினால் மூக்கைக் கீழே தள்ளாதீர்கள். தள்ளினால் அடுத்த துள்ளல் பெரிதாகும். மூன்றாவது துள்ளலுக்குள் ப்ரொப்பெல்லரோ முன்காலோ எஞ்சின் தாங்கும் சுவரோ அடிபடும். உங்கள் கை எப்போதும் விமானத்தைவிட அரைத் துள்ளல் பின்தங்கியே இருக்கும், அதனால் துரத்திச் சரிசெய்ய முடியாது. முதல் பெரிய துள்ளலிலேயே முழு பவர், கோ-அரவுண்ட்.

மின் ட்ரிம் தானாக ஓடத் தொடங்கினால் என்ன செய்வது?

ரிலே ஒட்டிக்கொண்டாலோ யோக்கின் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலோ மோட்டார் நிற்காமல் ஓடும். பக்கத்தில் சக்கரம் தானே சுழல்வது கண்ணில் படும், இல்லையென்றால் கையில் பாரம் விடாமல் கூடுவது தெரியும்.

1. யோக்கை உறுதியாகப் பிடித்து மூக்கை அதன் இடத்தில் நிறுத்துங்கள்.
2. யோக்கில் உள்ள ஆட்டோபைலட் துண்டிப்பு / ட்ரிம் தடுப்புப் பொத்தானை அழுத்துங்கள், அழுத்தியபடியே வைத்திருங்கள். விட்டால் மோட்டார் மறுபடி ஓடலாம்.
3. ட்ரிம் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள், சர்க்யூட் பிரேக்கரை இழுங்கள். அதன் பிறகே பொத்தானை விடுங்கள்.
4. சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாரத்தைக் கரையுங்கள்.
5. பிரேக்கரைத் திரும்ப உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டாம். கையாலேயே ஓட்டி இறங்குங்கள்.

ட்ரிம் தகடு உண்டாக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 120 நாட்டில் இருப்பதில் 56 சதவீதம்தான் 90 நாட்டில் இருக்கும். மூக்கு கீழே ஓடினால் முதல் ஆபத்து வேகம் கூடுவது, த்ராட்டிலை இழுங்கள். மூக்கு மேலே ஓடினால் ஸ்டால் வேகத்துக்கு நல்ல இடைவெளி விட்டு மெதுவாகுங்கள். தள்ளியும் மூக்கு எழுந்துகொண்டே போனால் விமானத்தை ஒரு பக்கம் 30 முதல் 45 பாகை வரை சாய்த்துவிடுங்கள், மூக்கு பக்கவாட்டில் அடிவானத்துக்கு இறங்கிவரும்.

அமெரிக்கச் சான்றளிப்பு விதிகளின் பழைய பகுதி 23, யோக்கில் தற்காலிகப் பாரம் இரண்டு கைக்கு 75 பவுண்டுக்கும் ஒரு கைக்கு 50-க்கும், நீடித்த பாரம் 10 பவுண்டுக்கும் மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தது. நான்கரைக் கிலோ பாரத்தை நெடுநேரம் பிடிப்பதே மனிதக் கைக்கு எல்லை என்று அதற்குப் பொருள். வீரம் காட்டாமல் பக்கத்தில் இருப்பவரை யோக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு பிரேக்கரைத் தேடுங்கள். எந்தப் பிரேக்கர் என்று தரையிலேயே தெரிந்து, அதற்கு வண்ண வளையம் மாட்டி வைத்திருப்பது மிக நல்லது.

ஆட்டோபைலட்டைத் துண்டித்ததும் மூக்கு பாய்கிறது.

ஆட்டோபைலட் ஓடும்போது நீங்கள் யோக்கை அழுத்திக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் இழுத்தால் அதற்கு மூக்கு கனம் குறைந்ததாகத் தெரியும், ஈடுகட்ட மூக்கு கீழ்ப் பக்கம் ட்ரிம்மை ஓட்டும். நீங்கள் இன்னும் இழுப்பீர்கள், அது இன்னும் ஓட்டும். துண்டித்த நொடியில் சேர்த்துவைத்த ட்ரிம் அத்தனையும் உங்கள் கையில் விழும். ஆட்டோபைலட் இருக்கும்போது யோக்கை விட்டுவிடுங்கள், பிடிக்கவில்லையென்றால் துண்டித்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்து வேண்டாம்.

இன்னொரு காரணம் பனி. இறக்கையில் பனி படியும்போது ஆட்டோபைலட் உயரத்தைக் காக்க மூக்கை மெல்ல மெல்ல மேலே ட்ரிம் செய்துகொண்டே போகும். வேகம் கரைவதை நீங்கள் பார்க்காவிட்டால் அது ஸ்டாலின் விளிம்பில் விமானத்தை ஒப்படைக்கும்.

எலிவேட்டரே வேலை செய்யவில்லை என்றால்?

இரண்டு நிலைகள் உண்டு, இரண்டும் நேரெதிர். இதைப் பலரும் சொல்லித்தருவதில்லை.

கேபிள் அறுந்து எலிவேட்டர் காற்றில் மிதந்தால் ட்ரிம் வழக்கமான திசையிலேயே வேலை செய்யும். தகடு எலிவேட்டரை நகர்த்தும், நன்றாகவே பறக்கலாம். எலிவேட்டர் ஓரிடத்தில் சிக்கி அசையாமல் நின்றால் தகடே ஒரு குட்டி எலிவேட்டர் ஆகிவிடும். சக்கரத்தை மூக்கு மேல் பக்கம் உருட்டினால் தகடு கீழே இறங்கி, வாலைத் தூக்கி, மூக்கைத் தாழ்த்தும். தலைகீழாக, அதுவும் பலவீனமாக. எனவே முதல் திருகல் சிறியதாக இருக்கட்டும், மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகு அடுத்தது. ஸ்டெபிலைசரே சாயும் வகை விமானங்களில் இந்தத் தலைகீழ் இல்லை.

கேபிள் அறுந்த 172எஸ்-ஐ இறக்கும் முறை: 20 பாகை ஃபிளாப், 65 நாட், மட்டப் பறப்புக்குப் பவராலும் ட்ரிம்மாலும் அமைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ட்ரிம்மைத் தொடாமல் இறங்கும் சரிவைப் பவரால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஃபிளேரில் பவரைக் குறைத்தால் மூக்கு விழும், மூக்குச் சக்கரத்தில் இறங்கிவிடுவீர்கள். அதனால் அந்த நேரத்தில் ட்ரிம்மை முழு மூக்கு மேல் பக்கம் உருட்டி, விமானம் மட்டமாகும்படி பவரைச் சரிசெய்து, தரை தொட்ட பிறகே த்ராட்டிலை மூடுங்கள். நீண்ட ஓடுபாதை, எதிர்க்காற்று, அவசரமில்லாத நீண்ட இறங்குபாதை வேண்டும்.

சக்கரம் வானில் இறுகிவிட்டது. இரண்டு பக்கமும் நகரவில்லை.

பலவந்தமாகத் திருகாதீர்கள். சங்கிலி பல்லிலிருந்து விலகினால் இன்னும் மோசம். மின் ட்ரிம் இருந்தால் அதன் பிரேக்கரை இழுத்துவிட்டு மெதுவாக முயலுங்கள், மோட்டாரின் கிளட்ச் பிடித்திருக்கலாம். குளிரில் கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தாலோ ஈரம் உறைந்திருந்தாலோ வெப்பமான கீழ் உயரத்துக்கு வந்தால் இளகும். பயண வேக ட்ரிம்மோடு இறங்குவதென்றால் கடைசி சில நிமிடங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். முடிகிற காரியம்தான். உயரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு படி ஃபிளாப்பிலும் பாரம் எவ்வளவு என்று பார்த்து, எந்தப் படி கைக்கு இலகுவோ அதிலேயே இறங்குங்கள்.

தரையில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்?

எலிவேட்டரை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மற்றொரு கையின் இரண்டு விரலால் தகட்டின் பின்விளிம்பை மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். கிளிக் என்று ஓர் உணர்வு, கண்ணுக்குத் தெரியும் ஆட்டம், கீலின் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, தண்டின் போல்ட்டில் பாதுகாப்பு ஊசி இல்லாதது, இவை எதுவும் இருந்தால் பறக்க வேண்டாம். எவ்வளவு ஆட்டம் அனுமதி என்பது பராமரிப்புக் கையேட்டில் இருக்கும், மெக்கானிக் அளந்து சொல்லட்டும்.

ஆட்டம் கூடினால் ஃபிளட்டர் வரும்: தகடு காற்றில் படபடத்து, அந்தப் படபடப்பு தானே பெருகி, நொடிகளில் வாலைக் கிழிக்கும். 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் மாற்றியமைக்கப்பட்ட பழைய பி-51 போர் விமானம் ஒன்று விழுந்து விமானியோடு 11 பேர் இறந்தார்கள். தேய்ந்த லாக்நட்டுகளால் எலிவேட்டர் ட்ரிம் தகட்டின் திருகுகள் தளர்ந்ததே ஃபிளட்டரின் மூலம் என்று விசாரணை கண்டது. ஒரு லாக்நட் உள்ளங்கையில் எடையே தெரியாது. பழைய லாக்நட்டைத் திரும்பப் போடும்போது விரலாலேயே திருக முடிந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

பெயிண்ட் அடித்தாலும் கவனம். கட்டுப்பாட்டுத் தகடுகளின் எடைச் சமநிலை மாறும், மறுபடி சமன்செய்ய வேண்டும். வடிகால் துளை அடைத்து உள்ளே தண்ணீர் நின்றாலும் அதே கதை.

பராமரிப்புக்குப் பிறகு முதல் பறப்புக்கு என்ன சோதிக்க வேண்டும்?

திசை. வேறு எதையும்விட இதுதான் முக்கியம். ஒருவர் சக்கரத்தை மூக்கு மேல் பக்கம் உருட்ட, இன்னொருவர் வாலருகே நின்று "தகடு கீழே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மின் ட்ரிம்மையும் தனியே இதேபோல் பாருங்கள். 2003 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரை அருகே ஒரு பீச் 1900டி விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். பராமரிப்பில் ட்ரிம் கேபிள் தவறாக மாற்றப்பட்டு, திசை தலைகீழாகியிருந்தது. சரிசெய்ய உருட்டிய ஒவ்வொரு உருட்டலும் நிலைமையை மோசமாக்கியது.

முழு அசைவையும் பாருங்கள். அதே ஆண்டு ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் விழுந்த மற்றொரு பீச் 1900டி-யில் 21 பேர் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிள் தவறாக அமைக்கப்பட்டதால் மூக்கைத் தாழ்த்தும் அசைவு குறைந்திருந்தது, அதோடு ஈர்ப்பு மையமும் பின்வரம்பைத் தாண்டியிருந்தது. யோக் எந்தத் தடையும் இல்லாமல் நகர்கிறது என்பது மட்டும் போதாது, வாலில் எலிவேட்டர் இரண்டு எல்லையையும் தொடுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ட்ரிம் சரிதான், ஆனாலும் மூக்கு மேலே போவதாக உணர்கிறேன்.

இருட்டில் டேக்-ஆஃப் செய்து வேகம் கூடும்போது உள்காது அந்த முடுக்கத்தை மூக்கு எழுவதாகவே சொல்லும். அதை நம்பித் தள்ளினால் தரை. செயற்கை அடிவானத்தைப் பார்த்து ஓட்டுங்கள். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய் அடைத்துக்கொண்டாலும் குழப்பம் வரும்: குழாயும் அதன் வடிகாலும் அடைத்துவிட்டால் வேகமானி உயரமானியைப் போல் நடந்து, ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும். மூக்கைத் தூக்கித் தூக்கி ஸ்டாலில் கொண்டுவிடும். தெரிந்த மூக்கு நிலை, தெரிந்த பவர், இரண்டையும் வைத்தால் விமானம் தெரிந்த வேகத்தில்தான் பறக்கும்.

மெக்கானிக்கிடம் சிக்கலை எப்படி எழுதிக் கொடுப்பது?

"ட்ரிம் சரியில்லை" என்று எழுதினால் தரையில் எல்லாம் சரியாகவே இருக்கும், தாள் திரும்பிவரும். வேகம், பவர், ஃபிளாப், உயரம், வெளி வெப்பநிலை, ஆட்டோபைலட் இருந்ததா, ட்ரிம் குறிமுள் எங்கே நின்றது, யோக்கைத் தள்ள வேண்டியிருந்ததா இழுக்கவா, அன்றைய ஏற்றமும் எரிபொருளும் எவ்வளவு என்று எழுதுங்கள். "100 நாட், 2,400 ஆர்பிஎம், ஃபிளாப் இல்லை, இரண்டு பேர், குறிமுள் மூக்கு மேல் எல்லையில், இன்னும் லேசாக இழுக்க வேண்டியிருந்தது" என்ற ஒரு வரி போதும். அவர் கேபிள் இறுக்கம், குறிமுள் அமைப்பு, எலிவேட்டர் அசைவுக் கோணம், எடைத்தாள் என்ற வரிசையில் நேராகப் போய்ப் பார்ப்பார்.